சந்தக்பூ மலைப்பாதையில் ஒரு ‘டக்’ ஓசை

கொல்கத்தாவில் வாழும் நம்மவர்கள் விடுமுறை என்றதும் டார்ஜிலிங்கை நினைப்பது வழக்கம். அதற்கு மேற்கே, நேபாள எல்லையை ஒட்டி நீளும் சிங்கலீலா மலைத்தொடரில் ஏறிச் சந்தக்பூவையும் கண்டு வர எண்ணுபவர்கள் குறைவு. மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம் அதுவே. உயரம் 3,636 மீட்டர். உலகின் ஐந்து பெருஞ்சிகரங்களுள் எவரெஸ்ட், காஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு ஆகிய நான்கினையும் அங்கு நின்றவாறே காணலாம். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நாங்கள் இரண்டு குடும்பத்தார், குழந்தைகள் இருவர் உட்பட அறுவர், அங்குச் சென்று வந்தோம். சிகரங்களைப் பற்றி எழுதப் பலர் உளர். நாங்கள் எழுத வந்தது வழியில் கேட்ட ஓர் ஓசையைப் பற்றி.

சியால்தாவில் இரவு டார்ஜிலிங் மெயிலில் ஏறி, மறுநாள் காலை நியூ ஜல்பைகுரியில் இறங்கினோம். அங்கிருந்து கும், சுக்கியா போக்ரி வழியாக மானேபஞ்சன் அடைந்து, அன்றிரவு அங்கே தங்கினோம். மானேபஞ்சனிலிருந்து சந்தக்பூவுக்குச் சுமார் 31 கிலோமீட்டர். சில இடங்களில் சிமெண்டுத் தளம், மற்ற இடங்களில் உருண்டைக் கற்கள், கொண்டை ஊசி போன்ற வளைவுகள், பாதை அவ்விதமாயிருந்தது. அவ்வழியில் பல்லாண்டுகளாக ஓடிப் பெயர் பெற்றவை பழைய லாண்ட் ரோவர் வண்டிகள். 1948ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த வண்டி இனம் அது. எங்களுக்கு அமைந்ததும் அத்தகைய முதியதொரு வண்டியே. இயந்திரம் மட்டும் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. கியர் பெட்டியும் தண்டுகளும் பழையவை.

சித்ரேயைக் கடந்து மேக்மாவை நெருங்கும்போது, வண்டியின் அடியில் ‘டக்’ என்றோர் ஓசை எழுந்தது. பிறகு கியர் மாற்றுந்தோறும் எழுந்தது. ஓட்டுநர் பேசுவதை நிறுத்திக்கொண்டு, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டவாறு ஓட்டினார். தும்லிங் என்னும் சிற்றூரில் சமதரை கண்டதும் வண்டியை நிறுத்தி, எங்களை இறங்கச் சொன்னார்.

எங்களுள் மூத்தவரான நண்பர் முகம் சிவந்தார். “தம்பி, இது பழைய தந்திரம். பாதி மலையில் நிறுத்திவிட்டு, மேற்கொண்டு பணம் கேட்பான், பாருங்கள்” என்று தமிழில் உரக்கவே சொன்னார். நாங்களும் தலையசைத்தோம். எங்களுக்கு இருந்த விடுப்பு நான்கே நாள். குழந்தைகள் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தனர். மேகம் மூடுமுன் மேலே சென்றால் அல்லவோ காட்சி கிட்டும்? “ஓசைதானே, போகலாம்” என்று இந்தியில் வற்புறுத்தினோம். ஓட்டுநர் மறுமொழி கூறாமல் கற்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

அதன்பின் அவர் செய்தவற்றை வரிசையாகச் சொல்லுகிறோம். மலையில் வண்டியேறும் எவருக்கும் பயன்படும்.

முதலில், ஓசை எப்போது எழுகிறது என்று பார்த்தார். சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும் எழுந்தால் முன் அச்சின் இணைப்புகளில் பழுது இருக்கலாம். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் எழுந்தால் வில்தகடுகளையோ அவற்றின் போல்ட்டுகளையோ ஐயுற வேண்டும். இங்கே வண்டி புறப்படும்போது ஒரு முறை, காலை எடுக்கும்போது ஒரு முறை எழுந்தது. அப்படியானால் தளர்வு விசை செல்லும் வழியில்தான். எங்களுக்கு இது எளிதில் விளங்கிற்று. சரக்கு ரயில் புறப்படும்போது இணைப்புகளின் தளர்வு ஒவ்வொன்றாக இறுகி, ‘தடக், தடக்’ என்று கடைசிப் பெட்டி வரை ஓடுவதை நாள்தோறும் கேட்பவர்கள் அல்லவா நாங்கள்!

இரண்டாவதாக, முன்சக்கரங்களுக்குச் செல்லும் விசையை விடுவித்துச் சிறிது தூரம் ஓட்டினார். கெட்டித் தரையில் நான்கு சக்கர விசையுடன் திரும்பினால், முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள்வதால் தண்டுகளில் முறுக்கம் சேரும். அது விடுபடும்போதும் இவ்வாறு ஓசை எழுவதுண்டு. விசையை விடுவித்த பின்னும் ஓசை நிற்கவில்லை.

மூன்றாவதாக, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கல் வைத்து, கியரை நடுநிலையில் நிறுத்தி, கைப்பிரேக்கைத் தளர்த்திவிட்டு அடியில் படுத்தார். பின் அச்சுக்குச் செல்லும் நீண்ட தண்டைக் கையால் இப்படியும் அப்படியும் முறுக்கினார். தண்டின் இரு முனைகளிலும் ‘கிராஸ்’ எனப்படும் சிலுவை வடிவ இணைப்பு உண்டு. இணைப்பின் இரு பக்கமும் ஒன்றாக அசைந்து, ஓசை அச்சினுள் கேட்டால், அது பற்சக்கரங்களின் இடைவெளி. சிறிதளவு இருப்பது இயல்பே. ஒரு பக்கம் அசைந்த பிறகே மறுபக்கம் அசைந்தால் கிராஸ் தேய்ந்துவிட்டது என்று பொருள். பின்முனையில் அவ்வாறே அசைந்தது. அதன் கிண்ணத்தைச் சுற்றிச் செந்தூள் படிந்திருந்தது. கிரீஸ் வற்றிய ஊசி உருளைகள் துருவேறிப் பொடியானதன் அடையாளம் அது.

ஓட்டுநர் எங்களை அழைத்துக் காட்டினார். “பாபுஜி, இந்த வண்டியின் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதன்று, கியர் பெட்டியின் பின்னால் இந்தத் தண்டைப் பிடிப்பது. ஏற்றத்தில் இந்த இணைப்பு அறுந்தால் பின்சக்கரங்களுக்கு விசையும் இல்லை, கைப்பிரேக்கும் இல்லை” என்று இந்தியில் மெல்லச் சொன்னார். சந்தக்பூவுக்கு முன்னுள்ள கடைசி ஏற்றமே மிகவும் செங்குத்தானது. வண்டியின் பின்பகுதியில் இருந்தவர்கள் எங்கள் குழந்தைகள். எவரும் பேசவில்லை.

கருவிப்பெட்டியில் மாற்றுக் கிராஸ் ஒன்றை அவர் வைத்திருந்தார். தண்டைக் கழற்றுமுன் சுண்ணக்கட்டியால் அடையாளக் கோடு இட்டார். கோடு தப்பினால் இரு முனைகளும் ஒத்து நில்லாமல் வண்டி அதிரும் என்றார். இரண்டு மணி நேரம் சென்றது. மூத்த நண்பர், தாமே விளக்கைப் பிடித்துக்கொண்டு அவரருகே குந்தியிருந்தார். வேலை முடிந்ததும், நேபாளியில் அண்ணனை அழைக்கும் சொல்லால், “தாஜு, தேநீர் அருந்துங்கள்” என்று கோப்பையை நீட்டினார். கிராஸின் விலையை நாங்கள் வற்புறுத்திக் கொடுத்தோம். அதற்குமேல் அவர் ஒரு காசும் வாங்க இசையவில்லை.

காளிபோக்ரியைக் கடந்து மேலே சேர்ந்தபோது மூடுபனி கவிந்துவிட்டது. அன்று மாலைக் காட்சி கிட்டவில்லை. மறுநாள் விடியலில் காஞ்சன்ஜங்கா, படுத்துறங்கும் புத்தர் வடிவில் பொன்னிறமாக எழுந்தது. குழந்தைகள் கைகொட்டினர். நாங்கள் மலையைக் கண்டு மகிழ்ந்தாலும், முந்தைய நாளின் பேச்சு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பிழைக்க வந்த ஊரில், மொழி தெரியாத நம்மை ஒரு கடைக்காரர் ஐயுற்றுப் பார்த்தால் எவ்வளவு வருந்துகிறோம்! அதே ஐயத்தை, எங்கள் உயிரைக் காக்க மண்ணில் படுத்த ஒருவர்மீது ஒரு நொடியில் சுமத்திவிட்டோம். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் எங்கள் குரலின் பொருள் அவருக்குத் தெரிந்தே இருக்கும்.

அன்பர்களே, சந்தக்பூ சென்று வாருங்கள். வழியில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, தலை சாய்த்து எதையோ கேட்டால், பொறுமையுடன் இறங்கி நில்லுங்கள். சக்கரத்துக்குக் கல் வைக்க நீங்களும் ஒரு கை கொடுங்கள்.