கண்டெடுத்த பொருளும் கலங்கும் நெஞ்சமும்



உங்கள் வீட்டுக் காரின் பின் இருக்கைக்கு அடியிலிருந்து, உங்கள் குடும்பத்தார் எவருக்கும் உரியதல்லாத ஒரு பொருள் வெளிப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வளையல், மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து, ஒரு பெண்மணியின் கைக்குட்டை... எதுவாகவும் இருக்கட்டும். உங்கள் நாவில் முதலில் பிறக்கும் கேள்வி எது? 'இது எப்படி இங்கே வந்தது?' என்பதா? அல்லது, 'இதை யார் தேடிக்கொண்டிருக்கிறார்களோ!' என்பதா?

முதற்கேள்வியைக் கேட்பது குற்றமன்று. ஆனால், அதற்கு விடை கிடைக்காதபோது அது ஐயத்தின் வாசலாகிவிடுகிறது. கணவர் மீது மனைவிக்கும், மகன் மீது தந்தைக்கும், ஓட்டுநர் மீது வீட்டாருக்கும் மனக்கசப்பு மூள்வதற்கு ஒரு சின்னஞ்சிறு பொருளே போதும். இறைமறையின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம், வீண் எண்ணங்களைத் தவிர்ந்து கொள்ளுமாறு ஈமான் கொண்டவர்களை எச்சரிக்கிறது. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதையும் தடுக்கிறது. இரண்டாவது கேள்வியோ நம்மை நேரே கடமையின்பால் அழைத்துச் செல்கிறது.

நம் ஊர்களில் ஒரு வீட்டில் கார் இருந்தால் அது தெருவுக்கே கார். நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கும் அதுதான். ஜனாஸாவுக்கு வரும் வெளியூர் உறவினருக்கும் அதுதான். ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரை வழியனுப்பச் செல்பவர்களுக்கும் அதுதான். எங்கள் வீட்டுக் காரும் அத்தகையதே. சில ஆண்டுகளுக்கு முன்பு, ரமலானுக்கு முந்திய வாரத்தில் அதைத் துடைத்துக்கொண்டிருந்த என் இல்லத்தரசியின் கையில் ஒரு சுருக்குப்பை அகப்பட்டது. கைக்குட்டையில் மடித்து வைத்த ரூபாய் நோட்டுகள், கைக்குழந்தைக்கு அணிவிக்கும் வெள்ளிக் கொலுசு ஒரு சோடி, ஒரு தஸ்பீஹ் மணி. பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. பிள்ளைகள் சூழ நின்றிருக்க, அவர் அதை எல்லாருடைய பார்வையிலும் மேசைமீது வைத்தார். "பாவம், எந்த வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறார்களோ! ஹஜ்ரத்திடம் கேட்டு வாருங்கள்" என்றார். அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் ஐயத்திற்கு இடமே இல்லாமற் போயிற்று.

இவ்வாறு கண்டெடுக்கப்படும் பொருளை 'லுகதா' என்று மார்க்கச் சட்ட நூல்கள் குறிப்பிடுகின்றன. அதன் விதி, ஸைத் இப்னு காலித் அல்ஜுஹனீ (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பட்டு, புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. பொருள் இருந்த பையையும் அதைக் கட்டியிருந்த கயிற்றையும் அடையாளம் அறிந்து வைத்துக்கொண்டு, ஓராண்டு காலம் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். நூறு தீனார்கள் அடங்கிய ஒரு பையைக் கண்டெடுத்த உபை இப்னு கஅப் (ரலி) அவர்களை, திரும்பத் திரும்ப அறிவிப்புச் செய்யும்படி அவர்கள் ஏவியதையும் ஹதீஸில் காண்கிறோம். கண்டெடுத்தவர் நேர்மையாளர்களைச் சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும், எதையும் மறைக்கலாகாது என்ற கட்டளை, இயாள் இப்னு ஹிமார் (ரலி) அவர்களின் அறிவிப்பாக அபூதாவூதில் உள்ளது.

பையையும் கயிற்றையும் ஏன் கவனிக்கச் சொன்னார்கள் என்று சிந்தித்துப் பாருங்கள்! அந்த அடையாளமே உரியவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் உரைகல். 'ஒரு பொருள் கிடைத்திருக்கிறது' என்று சொல்லலாம். அதன் அங்க அடையாளங்களைச் சொல்லக் கூடாது. அவற்றைச் சொல்ல வேண்டியவர் உரிமை கோரி வருபவரே. இக்காலத்தில் நம்மில் பலர், கண்டெடுத்த பொருளை உடனே படம் பிடித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு விடுகிறோம். எண்ணம் நல்லதுதான். ஆயினும் பை, நிறம், முடிச்சு அனைத்தையும் ஊருக்கே காட்டிவிட்ட பிறகு, வருபவர் உரியவரா அல்லரா என்று எதைக் கொண்டு சோதிப்பது?

ஹஜ்ரத் அவர்களின் ஆலோசனைப்படி, அண்டை வீட்டார் இருவர் முன்னிலையில் பணத்தை எண்ணிக் குறித்துக்கொண்டோம். பை இருந்தபடியே கட்டி வைக்கப்பட்டது. காணாமற்போன பொருளைப் பள்ளிவாசலுக்குள் கூவித் தேடுவதை முஸ்லிம் தொகுப்பிலுள்ள ஹதீஸ் கண்டிக்கிறது. ஆகவே, ஜும்ஆ முடிந்து மக்கள் வெளியேறும்போது வாசலுக்கு வெளியே அறிவித்தோம். வாரங்கள் பல சென்றன, எவரும் வரவில்லை.

என் துணைவியார்தான் காரணத்தை எடுத்துரைத்தார்: "கொலுசும் சுருக்குப்பையும் பெண்ணுடைய பொருள். ஆண்கள் கூடும் இடத்தில் சொன்னால் அவர் காதுக்கு எப்படி எட்டும்?" அன்று முதல் கல்யாண வீடுகளிலும், குழந்தை பார்க்கச் செல்லும் வீடுகளிலும், பெண்கள் மதரஸாவிலும் அவரே செய்தியைச் சொல்லி வந்தார். எவரிடமும் 'பையைத் தவறவிட்டீர்களா?' என்று கேட்கவில்லை; 'எங்கள் காரில் எதையாவது விட்டுச் சென்றீர்களா?' என்று மட்டுமே கேட்டார். குடை என்றார் ஒருவர். டிபன் கேரியர் என்றார் மற்றொருவர். நான்காவது மாதத்தில், மகளின் பேறுகாலத்திற்காக வெளியூரிலிருந்து வந்து சென்ற ஒரு மூதாட்டிக்குச் செய்தி எட்டியது. ஊரும் பெயரும் வேண்டாம். கேட்காமலே அவர் சொன்னார்: "கருப்புக் கயிறு தாயி, இரண்டு முடிச்சுப் போட்டிருப்பேன். உள்ளே பேரனுக்கு வாங்கிய கொலுசு." ஒவ்வொரு சொல்லும் பொருந்தியது.

பையைப் பெற்றுக்கொண்ட அவர் மகிழவில்லை, அழுதார். மருத்துவமனையில் தம்முடன் தங்கியிருந்த மருமகள் மீது இத்தனை மாதங்களாக அவருக்கு ஐயம் இருந்ததாம். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அன்று முதல் அலமாரிச் சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுப்பதை நிறுத்திவிட்டாராம். எதனால் இந்த மாற்றம் என்று அறியாமலே அந்த மருமகள் அந்த வீட்டில் வளைய வந்திருக்கிறாள். ஊர் திரும்பிய அன்றே மாமியார் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதாகவும், சாவி மருமகளின் கைக்கு மீண்டதாகவும் பின்னர் அறிந்தோம். அல்ஹம்து லில்லாஹ்!

நேயர்களே! கண்டெடுத்த பொருளை 'யாராவது கேட்டு வந்தால் கொடுப்போம்' என்று பரண்மீது போட்டு வைப்பவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் கள்வர்கள் அல்லர். ஆயினும், அப்பொருள் பரணில் உறங்கும் காலமெல்லாம், வேறோர் இல்லத்தில் ஒரு வேலைக்காரப் பெண்ணோ, ஒரு மருமகளோ, ஒரு சிறுவனோ செய்யாத களவுக்குப் பழி சுமந்து கொண்டிருக்கக் கூடும். நாம் மீட்டுக் கொடுக்க வேண்டியது வெள்ளியை மட்டுமன்று, ஒருவருடைய மானத்தையும்தான்.

நாட்டுச் சட்டமும் இதனை அலட்சியம் செய்யவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 71ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவருக்கு, அடைக்கலமாகப் பொருளைப் பெற்றவருக்குரிய அதே பொறுப்பைச் சுமத்துகிறது. உரியவரைத் தேடாமல் நேர்மையின்றித் தன்வயப்படுத்திக் கொள்வது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவின்படி குற்றமாகும். காரில் கிடப்பது ஐயத்திற்குரிய பொட்டலமாகத் தோன்றினால், அதைத் தொடாமல் காவல் துறையினருக்குத் தெரிவிப்பதே அறிவுடைமை.

ஓராண்டு கடந்தும் உரியவர் வராவிட்டால்? ஷாஃபிஈ மத்ஹபின்படி, கண்டெடுத்தவர் அதைத் தம் உடைமையாக்கிக் கொள்ளலாம். ஆனால், உரியவர் என்று வந்தாலும் பொருளையோ அதன் மதிப்பையோ கொடுத்தாக வேண்டும். ஹனஃபீ மத்ஹபின்படி, அவர் ஏழையாயின் பயன்படுத்திக் கொள்ளலாம். வசதியுள்ளவராயின் தர்மம் செய்துவிட வேண்டும். பின்னர் உரியவர் வந்தால், அந்தத் தர்மத்தின் நன்மையை ஏற்பதா, ஈடு கோருவதா என்பது அவர் விருப்பம். ஆண்டு முடிந்தாலும் உரியவரின் உரிமை முடிவதில்லை என்பதை இரண்டிலும் காணலாம். அற்பமான பொருளுக்கோ எளிதில் கெட்டுப்போகும் உணவுக்கோ இத்தனை நெடிய அறிவிப்பு தேவையில்லை. விவரங்களை உங்கள் ஊர் ஆலிம் பெருமக்களிடம் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

உங்கள் காரிலோ, கடையிலோ, வீட்டு மாடத்திலோ இன்னாருடையது என்று அறியாத பொருள் ஏதேனும் கிடக்கிறதா? இன்றே அதை எடுங்கள். வீட்டார் அறிய வெளியில் வையுங்கள். சாட்சிகள் முன் குறித்துக்கொண்டு, தேடுகிறவரின் காதுக்கு எட்டும் இடத்தில் அறிவியுங்கள்.

அமானிதத்தைப் பேணும் உள்ளத்தையும், தீய எண்ணத்திலிருந்து விடுபட்ட இல்லங்களையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.