ஒரு கிராம் கரி

ஒரு கிராம் கரியின் பரப்பு எவ்வளவு என்று கேட்டால் நண்பர்கள் நகைப்பீர்கள். ஆறு திங்களாக நான் அளந்துவருவது அதைத்தான்.

நம் ஊர்ச் சிரட்டையைச் சுட்டுச் செய்த, கிளர்வூட்டிய கரி அது. மெத்திலீன் நீலக் கரைசலில் இட்டுக் குலுக்குவேன். சாயம் கரியில் ஒட்டும். எஞ்சிய நீலத்தை நிறமானியில் அளந்தால் ஒட்டியது எவ்வளவென்று தெரிந்துவிடும். லாங்மியூர் 1918இல் வகுத்த முறைப்படி, கரியை ஒற்றை அடுக்காக மூடும் சாயம் கிராமுக்கு 250 மில்லிகிராம் என்று வந்தது. படுத்துக் கிடக்கும் மூலக்கூறு ஒன்றுக்கு 1.3 சதுர நானோமீட்டர் இடம் என்று கொண்டால், மொத்தம் 612 சதுர மீட்டர்! என் மகிழ்ச்சியைக் கேட்கவும் வேண்டுமோ?

மறுவாரம் அதே கரியை நைட்ரஜன் வாயுவால் அளந்தார்கள். 1,040 என்றது கருவி.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மூலக்கூறின் இடத்தை 2.2 என்று மாற்றினால் இரண்டும் பொருந்திவிடும். யார் கேட்கப் போகிறார்கள்? பென்சிலால் எழுதியும் பார்த்தேன். பிறகு வெட்கமாயிருந்தது. நைட்ரஜன் சிறியது; சிரட்டைக் கரியின் நுண்துளைகளுள் புகும். பருத்த சாயமோ வாயிலிலேயே நின்றுவிடும். மொழி தெரியாமல் இவ்வூரில் முதல் மாதம் நின்ற எனக்கு அதன் நிலை தெரியாதா?

பென்சில் எழுத்தை அழித்து, இரண்டு எண்களையும் ஆசிரியரிடம் நீட்டினேன்.

“எத்தனை மணி நேரம் குலுக்கினாய்?”

“இரண்டு.”

“இருபத்து நான்கு மணி குலுக்கிவிட்டு வா” என்றார்.