உம்மாவுடன் பண்ணைக் கடலோரம்

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் புறப்படும் போதெல்லாம், "நீங்களும் வாங்க உம்மா" என்று அழைப்பேன். "அடுத்த முறை பார்ப்பம்" என்று தட்டிக்கழித்து விடுவார். சென்ற ஜனவரியில் அவராகவே, "இந்த முறை நானும் வாறன் மகன்" என்றார். சோனகத்தெருவில் கூரையின்றிக் கிடக்கும் எங்கள் வீட்டை ஒருவர் விலைக்குக் கேட்டிருந்தார். அது உம்மாவின் சீதன வீடு. உறுதி அவர் பெயரில்தான் இருக்கிறது.

சகோதரிகளே, 1990 அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஊரை விட்டு வெளியேற இரண்டு மணி நேரமே தரப்பட்டது. அந்த மாதத்தில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அப்போது நான் பத்து வயதுச் சிறுவன். 2009-இல் போர் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பின. உம்மா ஒருமுறைகூடப் போகவில்லை.

பஸ் ஆனையிறவை அடைந்தபோது இருபுறமும் நீர்ப்பரப்பு விரிந்தது. வெண்மையாகத் தெரிந்த உப்பளத்தைப் பார்த்து, "இது நம்மட புத்தளம் மாதிரியே இருக்கு" என்றார். அதன்பின் யாழ்ப்பாணம் வரும்வரை பேசவில்லை. கைவிரல்கள் மட்டும் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்ததும், "பண்ணைக்குப் போவமா?" என்று கேட்டார். கோட்டை வரை ஆட்டோவில் போய் இறங்கினோம். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, பின்னர் ஒல்லாந்தர் ஐங்கோணமாக விரிவாக்கிய கோட்டை அது. அதன் அருகிலிருந்து தீவுப்பகுதிக்குச் செல்லும் பண்ணைத் தாம்போதி கடலின் நடுவே நீள்கிறது. உம்மாவுக்கு முழங்கால் வலி. என் தோளைப் பிடித்தபடி வீதியோரமாக மெல்ல நடந்தார்.

யாழ்ப்பாணத்தார் இதைப் பரவைக்கடல் என்பார்கள். பல இடங்களில் ஆழம் முழங்கால் அளவுதான். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழைதான் கிணறுகளையும் குளங்களையும் நிரப்புகிறது. எஞ்சியது வழிந்து இந்தப் பரவைக்கடலில் சேரும்போது உப்பு குறைகிறது; கோடையில் மீண்டும் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்திற்குப் பழகிய இறாலும் நண்டும் மீனும் இங்கே பெருகுகின்றன. அவற்றைத் தேடிக் கொக்கும் நாரையும் நெடுங்கால் உள்ளானும் சேற்றில் அலைந்துகொண்டிருந்தன.

தூரத்தில் வெளிர் ரோஜா நிறக் கூட்டமொன்றைக் கண்டு, "பூநாரை!" என்று சிறுபிள்ளைபோல் கூவினார் உம்மா. அவை அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்திச் சிற்றுயிர்களையும் பாசியையும் வடித்து உண்கின்றன. அந்த உணவிலிருந்துதான் சிறகுக்கு நிறமே கிடைக்கிறது.

கம்புகள் நட்டுக் கட்டிய வலைகளைச் சுட்டிக்காட்டி, "அது சிறகு வலை. மீன் சிறகு ஓரமாப் போய் அந்தக் கூட்டுக்குள்ள அகப்பட்டிரும். வாப்பா விடிய இஞ்ச வந்துதான் மீன் வாங்கிவருவார். மச்ச நாளென்றால் ஒடியற்கூழ்தான்" என்றார். மர்ஹூம் வாப்பாவைப் பற்றி அவர் இப்படிச் சிரித்துப் பேசி நான் கேட்டதே இல்லை.

கரையோரம் பொலித்தீன் பைகள் ஒதுங்கிக் கிடந்தன. நான் மதரஸாவில் நடத்தும் 'புலூகுல் மராம்' நூலின் முதல் ஹதீஸே கடல்நீரின் தூய்மையைப் பற்றியதுதான். ஆண்டுதோறும் பாடம் சொல்கிறேன். அந்த நீரில் நாம் எதைக் கொட்டுகிறோம் என்று மாணவர்களிடம் ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

கண்டல் செடிகள் சில நின்ற இடத்தில் உம்மா கல்லொன்றில் அமர்ந்தார். சேற்றுக்கு மேல் பென்சில் முனைகள்போல் வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சேற்றில் காற்று இல்லாததால் அவற்றின் வழியாகத்தான் செடி மூச்சுவிடுகிறது என்றேன். அவர் கேட்டார்:

"புத்தளத்தில இறால் பண்ணைக்கென்று வெட்டினாங்களே, நோய் வந்து பண்ணையை விட்டிட்டுப் போன பிறகு கண்டல் தானா வந்திச்சா?"

"சில இடத்தில வந்தது. பல இடத்தில ஆட்கள் திரும்ப நட வேண்டியிருந்தது" என்றேன். 2015-இல் தன் கண்டற்காடுகள் அனைத்தையும் பாதுகாப்பதாக இலங்கை அறிவித்த செய்தியையும் சொன்னேன்.

சற்று நேரம் கடலையே பார்த்திருந்தவர், "வீட்டை விக்க வேணாம் மகன்" என்றார். "நான் இஞ்ச வந்து இருக்க மாட்டன். உன்ட பிள்ளையள் எல்லாம் அங்கதானே. ஆனா கிணத்தை இறைச்சு, ஒரு அறைக்காவது கூரை போடு. வந்தால் தங்க ஒரு இடம் வேணும்."

உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு ஏமாற்றம்தான். அந்தப் பணத்தை மகளின் திருமணத்திற்கு எதிர்பார்த்திருந்தேன். ஆயினும் வாய் திறக்கவில்லை. வீடு அவருடையது. இழந்தவரும் அவரே.

அன்று மாலையே வாங்க வந்தவரிடம் பக்குவமாக மறுத்துச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கிணறு இறைத்தார்கள். தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தொலைபேசியில் சொன்னபோது உம்மா, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் பெற்றோர் அடிக்கடி பேசும் ஊர் ஒன்று இருக்கும். கால்கள் ஒத்துழைக்கும்போதே ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவர்களைப் பேசவிட்டு நீங்கள் கேளுங்கள். வல்ல ரஹ்மான் நம் பெற்றோர் மீது அருள்புரிவானாக. ஆமீன்.