இடாப்பில் ஒரு வெற்றிடம்

கல்வியைக் கரையேற்றும் தோணி என்பர். தோணியில் ஏறியோர் அனைவரும் கரை சேர்ந்தனரோ என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பல்கலைக்கழகத்தில் மாணவரை எண்ணுவதற்கென ஓர் ஏற்பாடு உண்டு. விரிவுரை தொடங்கியதும் கையொப்பத் தாள் ஒன்று வரிசை வரிசையாகக் கைமாறிச் செல்லும். 80 வீத வரவு இல்லாதவன் பரீட்சைக்கு அமரும் தகுதியை இழப்பான். ஆயின், அத்தாளில் எண்ணப்படுவது உடலின் வரவேயன்றி உள்ளத்தின் வரவன்று.

அவன் நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து கலைப்பீடத்துக்கு வந்தவன். அவனது லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதல் மாணவன் அவனே. அனுமதிக் கடிதம் வந்த வாரத்தில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவனுக்கு மாலையிட்டார்கள். கொழுந்து பறிக்கும் அவன் தாய் தன்னிடமிருந்த ஒரேயொரு சங்கிலியை அடகுவைத்து அவனுக்குப் பெட்டியும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தாள். அன்று கழுத்தில் விழுந்த மாலை பின்னாளில் எத்துணைப் பாரமாகும் என்பதை எவரும் அறிந்திலர்.

முதலாம் பருவப் பரீட்சையில் இரண்டு பாடங்களில் அவன் சித்தியடையவில்லை. ஆங்கிலம் அவற்றுள் ஒன்று. வீட்டுக்குச் சொல்ல நா எழவில்லை. இரண்டு பாடங்களில் தவறியவன் பல்கலைக்கழகத்தை விட்டு நீக்கப்படுவான் என்று எவனோ சொன்னதை அவன் நம்பினான். நாளடைவில் விரிவுரைக்குச் செல்வதை நிறுத்தினான். பகலில் உறங்கினான், இரவில் விடுதிப் படிக்கட்டில் விழித்திருந்தான். ஒருநாள் தன் குறிப்புக் கொப்பிகளையெல்லாம் அறைத்தோழனிடம் கொடுத்து, “இனி எனக்குத் தேவைப்படாது” என்றான். தோழன் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டான். அது விடைபெறுதல் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

இங்கே நட்பே ஒரு திரையாயிற்று. அவனது வரவு குறைந்துவிடக் கூடாதென்று தோழர்கள் அவனுக்காகக் கையொப்பமிட்டார்கள். ஆறு வாரம் அவன் விரிவுரை மண்டபத்தில் இல்லை. இடாப்பிலோ ஒருநாளும் தவறாது இருந்தான். அன்பினாற் செய்த அச்செயல், அவனைத் தேடியிருக்கக் கூடியவர்களின் கண்களிலிருந்து அவனை மறைத்துவிட்டது.

அவனைக் கண்டவர் ஒருவர் இருந்தார். விடுதியின் இரவுக் காவலாளி. சிங்களவர், தமக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களுள் ஒன்றைக் கொண்டு, “தம்பி, சாப்பாடு?” என்று கேட்பார். விடை வராவிடில் தமது போத்தலிலிருந்து வெறுந்தேநீர் ஊற்றிக் கொடுத்து, அருகில் அமர்ந்திருப்பார். மூன்றாம் வாரத்தில் அவர் விடுதிப் பொறுப்பாளரிடம் சென்று, அந்தப் பிள்ளை உறங்குவதில்லை என்று சொன்னார். பொறுப்பாளர் அதைப் பேரேட்டில் எழுதி வைத்தார். எழுதியது எழுதியபடியே இருந்தது.

பின்னர் ஒருநாள், தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த விரிவுரையாளர் ஒருவர் ஒரே பெயருக்கு நேரே மூன்று விதமான கையெழுத்துக்களைக் கண்டார். விதிப்படி நோக்கின் அது ஒழுக்காற்று விசாரணைக்குரிய குற்றம். பொய்க் கையொப்பமிட்டவனும் வராதவனும் ஒருங்கே தண்டனை பெற்றிருப்பார்கள். கோப்பு ஒன்று மூடப்பட்டிருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. அறைத்தோழனை அழைத்து, வராதவன் எங்கே என்று மட்டும் கேட்டார். அன்று பிற்பகலே அவனைத் தமது அறைக்கு வரவழைத்தார்.

“தம்பி, முதலிலை இரும். கையொப்பக் கதையைப் பிறகு பாப்பம். உமக்கு என்ன நடக்குது?”

“ஒண்ணுமில்ல சேர்.”

அவர் அந்த விடையை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை, காத்திருந்தார். நெடுநேரத்தின் பின் அவன் அழத் தொடங்கினான். அப்போது அவர் எவரும் கேட்க அஞ்சும் கேள்வியை நேராகக் கேட்டார்: “உயிரை விடவேணும் எண்டு யோசிச்சீரோ?” அவன் தலையசைத்தான். அவர் அறிவுரை கூறவில்லை. தாயின் துயரை நினைவூட்டவில்லை. கோழைத்தனம் என்று கடியவுமில்லை. “சொன்னது நல்லது. இனி நீர் தனிய இல்லை” என்று மட்டும் சொல்லி, அன்றே அவனுடன் நடந்து பல்கலைக்கழகச் சுகாதார நிலையத்துக்குச் சென்றார். தோழனை அழைத்து அன்றிரவு அவனைத் தனியே விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இவ்வாறு கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். உளமருத்துவம் அவ்வச்சத்தை ஏற்பதில்லை. பரிவோடு நேராகக் கேட்பது, அடைபட்டிருந்த வாயிலொன்றைத் திறப்பதேயாகும். நெருக்கடி என்பது பெரும்பாலும் கடந்துபோகும் ஒரு பொழுது. இலங்கையே இதற்குச் சான்று. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகின் மிகவுயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின் அவ்வீதம் பாதிக்கும் கீழாக வீழ்ந்தது. அந்தப் பொழுதைக் கடக்க உதவினால் பலர் வாழ்கின்றனர் என்பதே இதன் பாடம்.

1998ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சட்டத்தில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்டிருந்த சட்டப்பிரிவு நீக்கப்பட்டது. சட்டம் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கியவனை நமது நாவு இன்னும் இறக்கவில்லை. “அவனுக்கு விசர்” என்ற ஒரு சொல்லுக்கு அஞ்சி உதவி நாடாதிருப்போர் எத்தனை பேர்!

அவனுக்கு அடுத்து வந்த தடை மொழி. அவனைப் பார்த்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. விரிவுரையாளரே இடையில் அமர்ந்து மொழிபெயர்த்தார். ஆயினும் ஆசிரியர் முன்னிலையில் சொல்லக்கூடாதவை அவனிடம் இருந்தன. அதை அவர் தாமாகவே உணர்ந்தார்; அடுத்த வாரம் தமிழ் பேசும் தாதியொருவரின் உதவியை ஏற்பாடு செய்துவிட்டுத் தாம் வெளியே வாங்கில் அமர்ந்திருந்தார். அறைக்குள் பேசப்பட்டதை அவர் கேட்கவுமில்லை; ஆசிரியர் ஓய்வறையில் அதைப்பற்றி ஒரு சொல்லேனும் உரைக்கவுமில்லை.

எஞ்சிய பணியைச் செய்தவர் பீடக் காரியாலயத்து எழுதுவினைஞர் ஒருவர். அவர் கைந்நூலைத் திறந்து, தவறிய பாடங்களை மீண்டும் எழுதலாம், நீக்கம் என்பது வெறும் வதந்தி என்று பத்து நிமிடத்தில் விளக்கினார். அவனது மகாபொலக் கொடுப்பனவு படிவத்திலிருந்த ஒரு பிழையினால் தடைப்பட்டிருந்ததையும் அவரே கண்டுபிடித்துத் திருத்தினார். ஆறு வாரம் ஓர் உயிரை வாட்டிய இருளின் ஒரு பங்கு, எவரும் விளக்காத ஒரு விதியின் நிழலே.

இவற்றை நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். காவலாளி கண்டார், விரிவுரையாளர் கேட்டார், வைத்தியர் சிகிச்சையளித்தார், எழுதுவினைஞர் வழிகாட்டினார். இவர்களுள் எவரும் பிறர் பணியைத் தமதாக்கவில்லை. விரிவுரையாளர் வைத்தியராக வேண்டியதில்லை. வைத்தியரிடம் செல்லும் வழியில் உடன் நடந்தாற் போதும். ஆனால் காவலாளி கண்டதற்கும் விரிவுரையாளர் கேட்டதற்கும் இடையே மூன்று வாரம் கழிந்தது. அவன் உயிர் தப்பியது அந்த ஏற்பாட்டினாலன்று. ஒருவர் தற்செயலாகத் தாள்களைப் புரட்டியமையால். தற்செயலை நம்பி ஒரு பல்கலைக்கழகம் தன் பிள்ளைகளை விட்டுவைக்கலாமா?

காவலாளியின் சொல் பேரேட்டில் உறங்காது மாணவர் ஆலோசகரை அன்றே சென்றடைதல் வேண்டும். மாணவன் தன் தாய்மொழியில் அழுவதற்கு ஓரிடம் வேண்டும். பெறுபேறு வெளியாகும் நாளிலேயே, தவறியோர்க்கு எஞ்சியுள்ள வழிகளும் உடன் சொல்லப்படல் வேண்டும். மாணவர்தாமும் தோழனுக்காகக் கையொப்பமிடுவதோடு தம் கடன் தீர்ந்ததென்று எண்ணாது, அவனைக் குறித்து நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லும் துணிவைப் பெறல் வேண்டும்.

அவன் இப்போது மூன்றாம் வருட மாணவன். கிளினிக்குக்கு இன்னமும் சென்று வருகிறான். தவறிய இரண்டு பாடங்களுள் ஒன்றில் சித்தியடைந்துவிட்டான், ஆங்கிலம் எஞ்சியிருக்கிறது. தாயிடம் அனைத்தையும் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே: “இதெல்லாம் ஏன்பா அப்பவே சொல்லல?” விரிவுரை மண்டபத்தில் தாள் கைமாறி வரும்போது அவன் தன் கையொப்பத்தை இட்டபின், சற்றே தாமதித்து, எந்தப் பெயருக்கு நேரே இடம் வெறுமையாய் இருக்கிறது என்று பார்க்கிறான். வகுப்பு முடிந்ததும் அந்தப் பெயருக்குரியவனின் அறைக்கதவைத் தட்டிவிட்டுத்தான் சாப்பிடச் செல்கிறான்.