வேனுக்குள் ஒரு கட்டில்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தோளில் தட்டினார். "சேர், உங்கட வேன்ட பலகை இரிக்கா? ஞாயித்துக்கிழம ராவு மகரகம போறம்." இப்படிக் கேட்டவர்களில் அவர் எத்தனையாவது ஆள் என்று நான் கணக்கு வைக்கவில்லை. பலகையைத் தூக்கிக் கொடுப்பது பெரிய வேலை இல்லை. அதை எப்படிப் போடுவது, எதைச் செய்யக்கூடாது என்று ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பாடம் எடுப்பதுதான் வேலை. "இதையெல்லாம் ஒருக்கா எழுதிப் போட்டா என்ன?" என்று மனைவி கேட்டார். அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களிடம் இருப்பது பழைய டவுன்ஏஸ் நோவா. டீசல், கியர் வண்டி. மச்சானும் நானும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. கிழமை நாட்களில் என்னிடம் நிற்கும், சனி ஞாயிறில் மச்சான் ஹயருக்குக் கொண்டு போவார். 2023 கடைசியில் உம்மாவுக்கு அந்த வருத்தம் என்று தெரிய வந்தது. நம்ம ஊரில் அதன் பெயரைச் சொல்ல மாட்டோம், "அந்த வருத்தம்" என்றால் எல்லாருக்கும் விளங்கும். மார்பில் கட்டி. எட்டு மாதமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. "ஆம்புள டொக்டர் பாப்பாரெண்டு வெக்கமா இரிந்திச்சு மகன்" என்று மட்டும் சொன்னார். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுத வேண்டும். இப்போது வேனைப் பற்றி.

அக்கரைப்பற்றால் போகும் ஏ4 வீதிதான் மகரகமவாலும் போகிறது. கொழும்பில் தொடங்கி மட்டக்களப்பில் முடியும் ஒரே வீதி. பொத்துவில், சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய, பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி, அவிசாவளை என்று 350 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஓடி முடிக்க எட்டு ஒன்பது மணித்தியாலம். ஒப்பரேஷன் அங்கேதான் நடந்தது. பிறகு மூன்று கிழமைக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும். மட்டக்களப்பிலும் ஏற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். முதலில் பார்த்த டொக்டரை விட உம்மாவுக்கு விருப்பமில்லை. வெட்கத்தை ஒரு தடவைதான் விட முடியும் என்பது அவருடைய கணக்கு.

முதல் பயணம் என் மனதை விட்டுப் போகாது. இஷா தொழுதுவிட்டுப் புறப்பட்டு விடிய நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். உம்மா நடு சீட்டில் உட்கார்ந்தபடியே வந்தார். போய்ச் சேர்ந்தும் கிளினிக் திறக்கும் வரை அதே சீட்டில்தான். இறங்கும்போது செருப்பு காலில் ஏறவில்லை. இரண்டு பாதமும் வீங்கிக் கிடந்தன. "ஒண்டுமில்ல மகன், கொஞ்சம் நடந்தாச் சரியாப் போகும்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அன்று பின்னேரம் மருந்து ஏற்றி முடிந்து திரும்பி வரும்போது, பலாங்கொடைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவில் எனக்குக் கண் சொக்கிவிட்டது. ஒரு செக்கன்தான். டயர் கரைக் கல்லில் ஏறிய சத்தத்தில் முழித்தேன். பின்னால் இருந்து உம்மா, "மகன், நிப்பாட்டிட்டுக் கொஞ்சம் படு" என்றார். எங்கே படுப்பது? ஸ்டியரிங்கில் தலையை வைத்து அரை மணித்தியாலம் படுத்தேன். எழும்பும்போது கழுத்து ஒரு பக்கம் திரும்பவில்லை.

ஊருக்கு வந்த அடுத்த நாளே சீட்டைப் படுக்கையாக்கிப் பார்த்தோம். இந்த வேனில் அது புது விசயம் இல்லை. தலைச் சாய்மானங்களைக் கழற்ற வேண்டும், நடு சீட்டை முன்னுக்குத் தள்ளி அதன் முதுகைப் பின்சீட்டில் முட்டும்வரை படுக்க விட வேண்டும், பின்சீட்டின் முதுகையும் சரிக்க வேண்டும். ஆறடிக்கு மேல் நீளம் கிடைக்கும். பார்க்க மெத்தை மாதிரித்தான் இருக்கும். உம்மாவைப் படுக்கச் சொன்னோம். ரெண்டு தரம் புரண்டு பார்த்துவிட்டு எழும்பி இருந்தார். "இது கட்டில் இல்ல மகன், பதுளைக்குப் போற ரோட்டு." சரிதான். சீட்டும் முதுகும் சேருமிடத்தில் நாலு விரல் ஆழத்துக்குக் கிடங்கு, ஓரங்களில் மேடு. இடுப்பு கிடங்கில் விழும், முதுகு மேட்டில் ஏறும். சுகமான ஆளுக்கு ஒரு இரவு பரவாயில்லை. தையல் ஆறாத ஆளுக்கு ஏலாது.

பள்ளம் மேடெல்லாம் மறையப் பலகை போடுவோம் என்றேன். மச்சானுக்கு முதலில் பிடிக்கவில்லை. சீட்டைக் கழற்றி இரும்பு அடித்தால் ஹயர் போகும், புத்தகத்தில் எத்தனை சீட் என்று இருக்கிறதோ அதுவும் பிழைக்கும் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் ஒரு ஆணியும் வண்டியில் அடிப்பதில்லை, ஒரு போல்ட்டும் கழற்றுவதில்லை என்று முடிவெடுத்தோம். இன்றைக்கு அந்தப் பலகை பத்து வேனுக்குப் போய் வருகிறதென்றால் மச்சானின் அந்த முரண்டுதான் காரணம்.

அளவைச் சொல்கிறேன். 4 அடிக்கு 8 அடி பிளைவூட் ஒன்று, 12 மில்லிமீற்றர் தடிப்பு. அதை 2 அடி 2 அடியாக வெட்டினால் நாலு துண்டு வரும். மூன்று துண்டைப் பிணைச்சல் போட்டு ஒன்றோடு ஒன்று பூட்டினால் 6 அடிக்கு 4 அடி, மடித்தால் ஒரு துண்டின் அளவு. நாலாவது துண்டை அறுத்துக் கால் செய்தோம். சாரதி சீட்டுக்குப் பின்னால் பலகையின் தலைப்பு வெறும் வெளியில் நிற்கும், அங்கே தரையில் ஊன்றுவதற்கு. அந்தக் காலில்லாமல் விளிம்பில் உட்கார்ந்தால் பலகை சீசோ மாதிரித் தூக்கும். நான் விழுந்து பார்த்துத்தான் சொல்கிறேன். பலகைக்கு அடியில் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஒட்டியிருக்கிறோம், வழுக்காது. பலகையைப் போட முன்னர் அந்தக் கிடங்கை மறக்காமல் நிரப்புங்கள். குஷன் கடையில் கழிவு ஸ்பொஞ்ச் கேட்டால் சும்மாவே தருவார்கள். இல்லாவிட்டால் பெட்ஷீட்டை இறுக்கிச் சுருட்டி வைக்கலாம். நிரப்பாமல் விட்டால் நடுவில் பலகை தொங்கும்.

மேலே மெத்தை. முதலில் 2 அங்குல ஸ்பொஞ்ச் வாங்கினேன். ஒரு இரவுக்குள் அப்பளமாகிவிட்டது. பிறகு மச்சான் யாரும் கேட்காமலே ஒரு தும்பு மெத்தையை அளவாக வெட்டித் தைப்பித்துக்கொண்டு வந்தார். அதற்கு மேல் அந்த ஸ்பொஞ்ச். இதுதான் உம்மாவுக்குச் சரியாக இருந்தது. கலாசாலை விடுதிக் கட்டிலில் படுத்துப் பழகிய எனக்கு அது அரண்மனை.

யன்னல்களுக்குத் திரை கட்டாயம். வளையம் போட்ட வயர் இரண்டு பக்கமும், முன்னால் ஒரு பெட்ஷீட். உம்மா முக்காட்டைக் கழற்றிவிட்டுத் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு படுத்தது அந்தத் திரை வந்த பிறகுதான். தலையில் முடி இருந்த காலத்தைச் சொல்கிறேன்.

இனி, செய்யக்கூடாதவை.

எஞ்சினை ஓட விட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்காதீர்கள். எத்தனை பேர் "ஸ்லோவில் விட்டால் ஒண்டும் செய்யாது" என்கிறார்கள்! புகையில் காபனோரொட்சைட்டு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை, தூக்கத்தில் போனவருக்குத் தான் போவதே தெரியாது. பழைய வண்டி, ஓட்டை சைலன்ஸர், பக்கத்தில் சுவர் என்றால் இன்னும் மோசம். எஞ்சினை நிறுத்துங்கள். எதிரெதிர் யன்னல் இரண்டை நாலு விரல் திறந்து விடுங்கள். நுளம்பு வலையைச் சின்னக் காந்தத்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டலாம். பன்னிரண்டு வோல்ட் சின்ன ஃபேன் ஒன்று இரவு முழுக்க ஓடினாலும் நல்ல பெற்றரி தாங்கும். ஆனால் பார்க் லைட்டை மறந்து எரிய விட்டுத் தூங்கினால் தாங்காது. விடிய ஐந்து மணிக்கு முன்பின் தெரியாத ரெண்டு சிங்களச் சகோதரர்கள் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணினோம். தள்ளி முடிந்ததும் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மாவா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்றேன். தன் அம்மாவும் உள்ளேதான், வார்டில் என்றார்.

ஓடும்போது ஆளைக் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். இதை நான் செய்தேன், மறைக்கவில்லை. மூன்றாவது மருந்துக்குப் பிறகு உம்மாவால் உட்காரவே முடியவில்லை. "மெதுவாகத்தானே போறோம்" என்று படுக்க வைத்தேன். வெல்லவாய தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் போட்டேன். மெத்தையோடு உம்மா முன்னுக்கு வழுகி வந்து சாரதி சீட்டின் முதுகில் தோள் இடித்தது. ஒப்பரேஷன் செய்த பக்கம். அவர் கத்தவில்லை. "மாட்டுக்கு அடியில்லத்தானே?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஓடும்போது முன்சீட்டைச் சாய்த்து, பெல்ட் போட்டு, முதுகுக்குத் தலையணை. வண்டி நின்றால் மட்டும் கட்டில். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தினோம். பயணம் பதினொரு மணித்தியாலமானது. ஆகட்டும்.

எங்கே நிறுத்துவது? பள்ளிவாசல் வளவுதான் முதல் தெரிவு. மோதினாரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், ஹவுழ், கழிப்பறை எல்லாம் கிடைக்கும், யாரும் இல்லை என்று சொன்னதில்லை. அடுத்தது வெளிச்சமுள்ள பெற்றோல் செட். லாகுகலைப் பக்கம் இரவில் நிறுத்தவே வேண்டாம், யானை. தரை சரிவாக இருந்தால் தலை மேட்டுப் பக்கம். உம்மா இன்னொன்றும் பார்ப்பார்: கிப்லா. கால் மேற்கே நீளக்கூடாது. நான் ஃபோனில் திசை பார்த்து வண்டியின் மூக்கை வடக்கே திருப்பி நிறுத்துவேன். கார் பார்க்கில் அதற்கு இடமில்லாத நாளில் தலையணையை மற்றப் பக்கம் வைத்துப் படுப்பார். இருந்து தொழ உயரம் போதும், கூரை தலையில் முட்டாது.

ஆஸ்பத்திரிக்கு இல்லாமல் அந்தக் கட்டிலில் உம்மா ஒரே ஒரு இரவுதான் படுத்தார்.

பெரகலைச் சந்தியில் ஏ4 ஐ விட்டு ஒரு வீதி மேலே அப்புத்தளைக்கு ஏறுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் அந்த இடத்தில் உம்மா கண்ணாடியோடு முகத்தை வைத்து மேலே லைட்டுகளைப் பார்ப்பார். தியலும நீர்வீழ்ச்சி வீதியிலேயே தெரியும். தண்ணி கூடவா குறைவா என்று விசாரிப்பார். ஆனால் அந்த லைட்டுகளைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. கடைசி மருந்து முடிந்து வரும்போதுதான், "இதால ஏறினா மறுகா நமக்கு எங்க போய்ச் சேரலாம்?" என்றார். எனக்கு அடுத்த நாள் பாடசாலை, தவணைப் பரீட்சை. அதிபருக்கு மெசேஜ் போட்டுவிட்டு ஏறினேன்.

தெரிந்த ஒருவரின் கடை வளவில் நிறுத்தினோம். குளிர் என்றால் குளிர். எங்கள் கடற்கரை உடம்புக்கு அது பழக்கமில்லை. உள்ளே மூன்று பேர் மூச்சு விட்டதில் விடியும்போது கண்ணாடியெல்லாம் உள்பக்கம் தண்ணீர் வடிந்தது. குளிருக்காக யன்னலை முழுக்க மூடாதீர்கள், கூட ஒரு போர்வை கொண்டு போங்கள். தாத்தா நடுவில், உம்மா யன்னலோரம், நான் முன்சீட்டில். இரவு ரெண்டு பேரும் என்னவோ கதைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் பாய் போட்டுப் படுத்த கதைகள். ஸுபஹ் முடிந்து மூடுபனி விலகியதும் பின்கதவைத் தூக்கி விட்டேன். கீழே தெற்குச் சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது, தூரத்தில் கடலோ வானமோ என்று பிரிக்க முடியாத ஒரு கோடு. உம்மா போர்வைக்குள் இருந்தபடி பிளேன்டீ குடித்தார். "நம்மட ஊரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கிழக்கைக் காட்டினேன். வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நோன்புக்கு உம்மா இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலகை எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் இருக்கிறது. நோவாவுக்கு அளவெடுத்தது, டொல்பினுக்கும் சரிவரும், கொஞ்சம் ஓரம் மிஞ்சும். சின்ன பட்டி வேனுக்கு வராது, கொண்டு போய் அலையாதீர்கள். தூக்க ரெண்டு பேர் வாருங்கள். மெத்தை உறை கழுவி இருக்கும், திரும்பக் கொண்டு வரும்போது நீங்களும் கழுவிக் கொண்டு வந்தால் நல்லது. வாடகை ஒன்றும் இல்லை. இந்த ஞாயிறு இரவு போய்விட்டது, செவ்வாய் பின்னேரம் திரும்பி வரும். அதற்குப் பிறகு தேவைப்படுகிறவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ்.