கண்ணுக்குள் இரண்டு துளி

வரக்காப்பொலைக்கு அண்மையிலுள்ள றப்பர் தோட்டமொன்றில், 2019ஆம் ஆண்டு, எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவரைச் சந்தித்தேன். இரண்டு கண்களிலும் வெண்புரை. வவுனியாப் பக்கம் குடியேறியிருந்த மகளை 2009இல் யுத்தத்தில் பறிகொடுத்துவிட்டு, பேத்தியைத் தன் லயத்து அறைக்கே அழைத்து வந்து வளர்த்தவர் அவர்.

கண் கிளினிக்கில் சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்திருந்தும் அவர் போகவில்லை.

"பக்கத்து லயத்து ஆளுக்கு ஒப்பரேசன் செஞ்ச கண்ணுல சீழ் புடிச்சு, கண்ணே போயிருச்சு மிஸ். அரைகுறையா தெரியுறதையும் குடுத்துட்டா எம் புள்ளைக்கு யாரு இருக்கா?"

இப்படிப்பட்டவற்றை "அறியாமை" என்று அறிக்கையில் எழுதிப் பழகிய எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. அந்தப் பயம் பொய்யல்லவே! கிளினிக் வைத்தியரிடமே சென்று கேட்டேன்.

அவர் பொறுமையாக விளக்கினார். புரை விழுந்த வில்லையை அகற்றிவிட்டுச் செயற்கை வில்லையை வைக்கும்போது, பெரும்பாலும் நமது இமையிலும் கண்ணின் மேற்பரப்பிலும் உள்ள கிருமிகளே உள்ளே புகுந்துவிடுகின்றன. வெளியே விடும் சொட்டு மருந்து கண்ணின் உட்புறத்தைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. ஆகவே சத்திரசிகிச்சை முடியும் தறுவாயில், அதே சிறு துவாரத்தினூடாக நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தைக் கண்ணுக்குள்ளேயே செலுத்துகிறார்கள். அளவு 0.1 மில்லிலீற்றர், ஏறக்குறைய இரண்டு துளி.

இதன் பலன் கணக்கிட்டுப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஏறத்தாழ 16,000 பேரிடம் செய்யப்பட்ட ஆய்வில் தொற்று ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். மதுரையில் 1976இல் 11 கட்டில்களுடன் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையும் அதன் கிளைகளும், 2014 முதல் 2016 வரை செய்த 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்தன. மருந்து செலுத்தப்படாதவர்களில் 10,000 பேருக்கு 7 பேர் தொற்றுக்கு உள்ளாகினர்; மொக்சிஃப்ளொக்சசின் மருந்து செலுத்தப்பட்டவர்களில் 2 பேர் மட்டுமே.

இதைப் பாட்டியிடம் சொன்னேன். "அந்த ரெண்டு பேருல நான் ஒருத்தியா இருந்தா?" என்று கேட்டார்.

இருக்கமாட்டீர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. "வலி கூடினாலோ, கண் சிவந்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போகணும். ராத்திரியானாலும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அதன் பிறகே சம்மதித்தார்.

கட்டு அவிழ்த்த அன்று பேத்தியின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவ அம்மா சாடை அப்படியே இருக்கு மிஸ்" என்றார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் பார்வை மங்கிய ஒரு தாய் பயத்தோடு காத்திருக்கக்கூடும். அவரது பயத்தைக் கேலி செய்யாதீர்கள். கிளினிக்குக்குக் கூடச் செல்லுங்கள். கண்ணுக்குள் மருந்து செலுத்துவீர்களா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள். வீடு திரும்பிய பின் சிவப்போ வலியோ பார்வை மங்கலோ கண்டால், விடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.