மயில் மேல் இருந்தவர்

விருதுநகரில் எண்ணெய் புரோட்டாவை ஒரு கை பார்த்துவிட்டு சிவகாசி பஸ் ஏறினேன். இறங்கினால் திரும்பின பக்கமெல்லாம் பட்டாசுக் கடை, அச்சகம், மயில்மேல் சிரிக்கும் காலண்டர் முருகன். சட்டென்று விஸ்வநாத தாஸ் ஞாபகம். 1886-ல் இதே ஊரில் பிறந்து, முருகன் வேஷத்தில் ஊர் ஊராகக் கலக்கிய நாடக நடிகர்.

அந்தக் கால செட் என்ன பெரிசு? காடு, தர்பார், தெரு என்று எழுதின படுதாக்கள். விடியவிடிய பெட்ரோமாக்ஸ். ஆர்மோனியம், மிருதங்கம். மைக்கா? கடைசி வரிசை வரைக்கும் தொண்டைதான் சார்! பட்டும் ஜரிகையும் பளபளத்த மேடைக்கு தாஸ் கதரைக் கொண்டுவந்தார். வள்ளிக்காக வந்த முருகன் பாட்டோடு பாட்டாக வெள்ளைக்காரனையும் வாங்குவாங்கென்று வாங்குவார். போலீஸ் சும்மா விடுமா? பலமுறை ஜெயில்.

அதைவிடக் கொடுமை, 'நாவிதர் குலம்' என்று அவரோடு ஜோடி சேர மறுத்தவர்கள் இருந்தார்கள். மேடையில் முருகன் என்றால் கும்பிடு, இறங்கினால் ஜாதி. என்ன கணக்கோ!

1940 டிசம்பர் 31 ராத்திரி. சென்னை ராயல் தியேட்டரில் 'வள்ளி திருமணம்'. மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த தாஸ், அங்கேயே உயிரை விட்டார். இறுதி ஊர்வலத்திலும் அந்த முருகன் வேஷத்தைக் கலைக்கவில்லை என்கிறார்கள்.